மஞ்சளுக்குச் சாட்சி சொன்ன ஏடுகள்



மஞ்சளை அறியாத தமிழ் வீடு இல்லை. முகத்திற்குப் பூசுவதும், வெட்டுக்காயத்தில் மஞ்சள் தூளை அப்புவதும், சிரங்குக்கு வேப்பிலையோடு சேர்த்து அரைத்துத் தடவுவதும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பழகியவை. இவற்றுக்கு ஆதாரம் எங்கே என்று எவரேனும் கேட்டால் நாம் சிரிப்போம். ஆயினும் அக்கேள்வி ஒருமுறை உண்மையாகவே கேட்கப்பட்டது.

1995 மார்ச்சில், புண்ணை ஆற்றுவதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு ஐக்கிய அமெரிக்காவின் ஆக்கவுரிமை அலுவலகம் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்கு ஆக்கவுரிமை வழங்கியது. புதிதாகக் கண்டறியப்பட்ட ஒன்றுக்கே ஆக்கவுரிமை கொடுக்கலாம் என்பது சட்டம். அவ்வாறாயின், நம் பாட்டிமார் செய்துவந்தது 1995இல்தான் பிறந்தது என்றாகிவிடுகிறது!

இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் 1996இல் இதனை எதிர்த்து மறுபரிசீலனை கோரியது. "எங்கள் நாட்டிலே எல்லோரும் அறிந்தது" என்ற சொல் அங்கே போதவில்லை. எழுத்திலே காட்டவேண்டியிருந்தது. சமஸ்கிருதம், உருது, ஹிந்தி ஆகிய மொழிகளில் அமைந்தவை உட்பட முப்பத்திரண்டு ஆதாரங்கள் முன்வைக்கப்பட்டன. இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் 1953இல் வெளிவந்த கட்டுரையும் அவற்றுள் ஒன்று. 1997 ஆகஸ்டில் அவ்வுரிமை செல்லாதென்று தீர்க்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். மஞ்சள் புண்ணை ஆற்றுமா என்பது அன்று எழுந்த வழக்கு அன்று. அது ஆய்வுகூடத்திலே சோதித்து அறியவேண்டியது. இது முன்னமே அறியப்பட்டதா என்பதே வழக்கு. அதற்கு விடை சொன்னவை பழைய எழுத்துக்கள். கோடிக்கணக்கான கைகள் செய்துவந்த காரியத்துக்குச் சில தாள்களே சாட்சியாயின.

அப்படியானால், நம் தமிழ் இலக்கியம் எத்தகைய சாட்சி சொல்லும்? புறநானூற்றின் 281ஆம் பாடலைப் பாருங்கள். போரிலே புண்பட்டுக் கிடக்கும் வீரனைக் காக்க, வீட்டிலே வேப்பந்தழையைச் செருகி, வெண்சிறு கடுகாகிய ஐயவியைத் தூவி, நறும்புகை எழுப்புகிறார்கள். 296ஆம் பாடலிலும் வேப்பங்கொம்பு ஒடிக்கப்படுகிறது. நெய் பூசிய கைகளோடு ஐயவி புகைக்கிறார்கள். புண்ணுக்கும் வேம்புக்கும் உள்ள உறவு எத்தனை பழையது என்பதற்கு இவை போதும். ஆனால், இவை மருந்துக் குறிப்புக்கள் அல்ல. எவ்வளவு வேம்பு, எந்த எண்ணெய், எத்தனை நாள் என்று கவிஞர் சொல்லவில்லை. சொல்வது அவர் தொழிலும் அன்று. அவர் காட்டுவது காப்புச் சடங்கு.

அளவும் முறையும் சொல்வது வைத்திய நூலின் தொழில். தைலம் காய்ச்சுவதை எடுத்துக்கொள்வோம். மூலிகைகளை இடித்துக் குடிநீராகக் காய்ச்சி வடிக்கவேண்டும். வேறு சரக்குகளைக் கற்கமாக அரைக்கவேண்டும். இரண்டையும் நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ கலந்து, நீர் வற்றும்வரை எரிக்கவேண்டும். அடியிற் படியும் வண்டல் மெழுகு பதத்தில் இருக்கும்போது இறக்குவதா, மணற் பதம் வரை விடுவதா என்பது தைலத்துக்குத் தைலம் வேறுபடும். பதம் தவறினால் மருந்து தவறும்.

இவ்வாறான அறிவுக்கு யாழ்ப்பாணத்திலே நீண்ட மரபு உண்டு. அரசர் காலத்துச் செகராசசேகரமும் பரராசசேகரமும் வைத்திய நூல்களாக நம்மிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. பரராசசேகரத்தை ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையபிள்ளை தேடித் தொகுத்து அச்சேற்றினார். அச்சேறியதால் அது பிழைத்தது.

பிழைக்காதவை எத்தனை! பரியாரிமார் பலர் தம் கைமுறையைப் பிள்ளைக்கு மட்டும் சொல்லி, ஊராருக்கு மறைத்தார்கள். பிள்ளை வேறு தொழிலுக்குப் போனதும் முறை மறைந்தது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றோடு பனையோலைச் சுவடிகளும் எரிந்தன. அச்சான நூலுக்கு வேறெங்கோ ஒரு பிரதி இருக்கும். படியெடுக்காத ஓலை எரிந்தால், அதில் இருந்த அறிவும் அன்றே எரிந்துபோகும்.

மஞ்சள் வழக்கிலிருந்து இந்தியா பாடம் கற்றது. 2001இல் மரபறிவுக்கென்று மின்நூலகம் ஒன்றைத் தொடங்கி, ஆயுர்வேதம், யுனானி, சித்த வைத்தியம் ஆகியவற்றின் மருந்து முறைகளை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன், ஸ்பானியம், யப்பானியம் என்னும் ஐந்து மொழிகளில் பதிவு செய்யலாயிற்று. ஆக்கவுரிமை வழங்குவோர் அதனைப் பார்த்து முடிவு செய்யலாம். தமிழ்ச் சித்தர் நூல்களும் அங்கே சாட்சிக் கூண்டில் ஏறியிருக்கின்றன.

நேயர்களே, பழம்பெருமை பேசுவது எளிது. ஆனால், மிசிசிப்பி வழக்கிலே வென்றது பெருமையா? குறித்து வைத்த எழுத்தல்லவா வென்றது! உங்கள் ஊரிலே கரப்பனுக்கோ சிரங்குக்கோ எண்ணெய் காய்ச்சத் தெரிந்த முதியவர் ஒருவர் இன்றும் இருக்கக்கூடும். அவரிடம் போய் அமருங்கள். மூலிகையின் ஊர்ப்பெயர், அதன் இலையா வேரா, எத்தனை பங்கு, எந்த எண்ணெய், எந்தப் பதம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மூலிகைக்கு ஊருக்கொரு பெயர் இருப்பதால், செடியின் கிளையொன்றையும் உலர்த்தித் தாளில் ஒட்டி வையுங்கள். அம்மருந்து குணம் தருமா என்பதை ஆய்வாளர் பின்னர் சோதிக்கட்டும். சோதிப்பதற்கு முதலில் அது இருக்கவேண்டும் அல்லவா?