காப்பி, காபி, காஃபி: மூன்று எழுத்துக்கூட்டல்களும் மூன்று தலைமுறைகளும்

எங்கள் வீட்டு மளிகைப் பட்டியலில் பாட்டி ‘காப்பிப்பொடி’ என்று எழுதுவார். அம்மா எழுதுவது ‘காபி பவுடர்’. பெங்களூரில் ஆய்வு மாணவியாக இருக்கும் நான் கைப்பேசியில் தட்டும்போது ‘காஃபி’ என்றே விரல் போகிறது. மொழியியல் படித்தவள் இதை எழுத்துப்பிழை என்று தள்ளிவிட முடியாது.

தமிழில் ‘ஃப’ ஒலி இல்லை. அதற்கு நெருங்கியது பகர ஒலி. ஆனால் இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றைப் பகரம் நின்றால் அது மெலிந்து ஒலிக்கும். வல்லோசையைக் காக்க இரட்டித்தாக வேண்டும். எனவே ‘காப்பி’ என்பது தமிழின் இலக்கணத்துக்குள் குடியேறிவிட்ட சொல். ‘காபி’ என்று எழுதுபவர், வாசகருக்கு ஆங்கில ஒலிப்பு தெரியும் என்று நம்புகிறார். ‘காஃபி’யோ ஆய்தத்தின் துணையோடு அந்த அயல் ஒலியையே ஏட்டில் ஏற்றுகிறது. இம்மூன்றும் இன்றைய அச்சில் கலந்தே வருகின்றன; ஆண்டு வாரியாகக் கோடு கிழிக்க இயலாது. எனினும் எங்கள் வீட்டில் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலுக்குப் பின்னாலும் ஒவ்வொரு காலத்தின் ஏற்பாடு இருக்கிறது.

முதலில் பாட்டியின் காப்பி. பாபா புடான் ஏழு விதைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது பதினேழாம் நூற்றாண்டைச் சுட்டும் மரபுக்கதை. பெருந்தோட்டங்களாகக் காப்பி பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில், குடகு, வயநாடு, நீலகிரி மலைகளில், பிரிட்டிஷ் முதலாளிகளின் கையில், ஏற்றுமதிக்காக. தமிழ் நடுத்தர வர்க்கத்தின் அடுக்களைக்குள் அது நுழைந்து நிலைபெற்றது அந்த நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலுமே. ஆ. இரா. வேங்கடாசலபதி தம் நூலுக்கு ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்று பெயரிட்டதன் பொருத்தம் இதுதான். நீராகாரத்தின் இடத்தைப் பிடித்த காப்பியை அன்றைய பெரியவர்கள் புதிய கெட்ட பழக்கம் என்று கடிந்தார்கள். இன்று நாம் ‘பாரம்பரிய ஃபில்டர் காப்பி’ என்று போற்றுவது ஒருகாலத்து இளைய தலைமுறையின் மீறல்.

அந்த மீறலும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கவில்லை. காப்பி கிளப்புகளில் சாதிக்கேற்ப இடம் பிரிக்கப்பட்டிருந்தது. உணவகப் பலகைகளில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்து 1957இல் திருவல்லிக்கேணியில் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது.

இரண்டாவது கட்டத்தில் அரசு வருகிறது. உலகப் பொருளாதார மந்தத்தில் காப்பி விலை வீழ்ந்தபின், உள்நாட்டில் குடிப்பவர்களை உருவாக்க 1935இல் தீர்வைக் குழு அமைந்தது. அதன் முயற்சியில் 1936இல் பம்பாயில் முதல் இந்தியா காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர் ஐரோப்பியச் சந்தையை அடைத்ததும், 1942ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் காப்பி வாரியம் விளைச்சலைப் பொதுத்தொகுப்பில் சேர்த்து விற்றது. 1950களில் வாரியம் தன் காப்பி ஹவுஸ்களை மூடத் தொடங்கியபோது, ஏ. கே. கோபாலன் வழிகாட்ட, வேலையிழந்த ஊழியர்கள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றை மீட்டார்கள். கொல்கத்தாக் கல்லூரித் தெருவின் புகழ்பெற்ற மேசைகள், விற்காத காப்பிக்கு ஆள் தேடிய ஓர் அரசுத் திட்டத்தின் எச்சம்.

என் அம்மாவின் காபி அந்த மேசைகளைச் சேர்ந்ததன்று. அது உடனடிப் பொடி. பாட்டி இரவே பொடியை அமுக்கி வெந்நீர் ஊற்றி வைப்பார். விடியுமுன் எழுந்து பால் காய்ச்சுவார். அம்மா எட்டேகால் பேருந்தைப் பிடிக்க வேண்டும். பொடி, சர்க்கரை, சூடான பால்: ஒரு நிமிடம். “இதுவும் ஒரு காப்பியா?” என்று தாத்தா ஒவ்வொரு நாளும் கேட்டார். எழுந்து டிகாக்ஷன் இறக்குகிறேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

மூன்றாவது, என் தலைமுறை. 1990களில் கட்டாயத் தொகுப்பு படிப்படியாகத் தளர்ந்தது. 1996இல் விவசாயிகள் அனைவரும் தம் விளைச்சலை விரும்பியபடி விற்கும் உரிமை பெற்றார்கள். அதே ஆண்டு பெங்களூர் பிரிகேட் சாலையில் முதல் காஃபே காஃபி டே திறந்தது. 2012இல் மும்பைக்கு ஸ்டார்பக்ஸ் வந்தது. அங்கே நாம் விலை கொடுப்பது கோப்பைக்கு மட்டுமன்று, நாற்காலிக்கும் நேரத்துக்கும்தான். அதே பெங்களூரின் தர்ஷினிகளிலோ, இன்றும் ‘பை டூ’ என்று சொன்னால் ஒரு காப்பியை இரண்டு சிறு தம்ளர்களில் பகிர்ந்து தருகிறார்கள். நின்றபடியே குடித்துவிட்டுப் போகலாம். வயது ஒன்றானாலும் வருமானம் வேறானால் குடிக்கும் முறையும் வேறு.

ஆகவே ‘தலைமுறை மாறியது, சுவை கெட்டது’ என்ற புலம்பலை நான் ஐயத்தோடுதான் கேட்கிறேன். அதில் சந்தையும் சட்டமும் மறைந்துவிடுகின்றன. அவற்றைவிட ஆழமாக மறைவது உழைப்பு. ஃபில்டர் காப்பியின் மணத்தைப் பற்றி நம்மிடம் எத்தனையோ நினைவுக்குறிப்புகள் உண்டு. அந்த மணம் எழ யார் முதலில் எழுந்தார் என்று எழுதியவை மிகக் குறைவு.

கடந்த விடுமுறையில் பாட்டியிடம், பழைய காப்பிக்கு ஏங்குகிறீர்களா என்று கேட்டேன். அம்மா கலக்கித் தந்த கோப்பையைக் கையில் வைத்தபடி சொன்னார்: “உக்காந்த இடத்துக்குக் காப்பி வருதே, அது போதும்டி.”

பழக்கவழக்கங்களின் வரலாற்றை எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். யார் குடித்தார்கள் என்று கேட்கும்போதே, யார் கலக்கிக் கொடுத்தார்கள் என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிலைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.