ஒரே ஆக்கிரமிப்பு, வெவ்வேறு முடிவுகள்: யூதர்கள் எங்கே பிழைத்தார்கள், ஏன்?



1940 ஜூனில் ஜெர்மானியப் படையிடம் பிரான்ஸ் வீழ்ந்தபோது, நமது புதுச்சேரியும் ஒரு முடிவை எடுக்க வேண்டியிருந்தது. ஹிட்லருடன் ஒத்துழைத்த விஷி அரசை ஏற்பதா, லண்டனிலிருந்து போரைத் தொடர்ந்த தெ கோலின் சுதந்திர பிரான்ஸை ஏற்பதா என்பதே கேள்வி. சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா சூழ்ந்திருந்த நிலையில், ஆளுநர் லூயி போன்வின் அவ்வாண்டு செப்டம்பரில் பிரெஞ்சிந்தியாவை தெ கோலின் பக்கம் சேர்த்தார். அடுத்த மாதம் 3ஆம் நாள், விஷி அரசு யூதர்களை அரசுப் பணிகளிலிருந்து விலக்கும் சட்டத்தை இயற்றியது. ஒரே நாட்டின் அதிகாரிகள் இருவேறு திசைகளில் சென்றனர்.

நாஜிகள் ஐரோப்பாவில் ஏறத்தாழ 60 லட்சம் யூதர்களைக் கொன்றனர். எனினும், அவர்கள் ஆக்கிரமித்த நாடுகள் அனைத்திலும் யூதர்களின் கதி ஒன்றுபோல் அமையவில்லை.

நெதர்லாந்தில் சுமார் 1,40,000 யூதர்கள் இருந்தனர். அவர்களுக்காக 1941 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தமே செய்தனர். ஆயினும் அந்நாட்டின் குடிமக்கள் பதிவேடு மிகத் துல்லியமானது. அரசு ஊழியர்களும் ஆணைகளை அப்படியே நிறைவேற்றினர். யாருடைய வீடு எந்தத் தெருவில் உள்ளது என்பது காகிதத்தில் தயாராக இருந்தது. நால்வரில் மூவர் மாண்டனர்.

பிரான்ஸில் நிலைமை வேறு. 1942 ஜூலையில் பாரிஸில் சுமார் 13,000 யூதர்களை இரண்டே நாட்களில் வளைத்துப் பிடித்தவர்கள் பிரெஞ்சுக் காவலர்களே. ஆனால் பரந்த நாடு, மலைக் கிராமங்கள், ஸ்பெயின், சுவிட்சர்லாந்து எல்லைகள், பாதிரிமார்களின் எதிர்ப்பு, பிள்ளைகளை ஒளித்துவைத்த குடும்பங்கள் ஆகிய யாவும் சேர்ந்து நால்வரில் மூவரைக் காத்தன. நாடு கடத்தப்பட்டோர் சுமார் 76,000 பேர். அவர்களுள் மிகச் சிலரே திரும்பினர்.

டென்மார்க்கில் 1943 செப்டம்பர் இறுதியில், டுக்விட்ஸ் என்னும் ஜெர்மானிய அதிகாரியே கைது நடவடிக்கை வரப்போவதை முன்கூட்டித் தெரிவித்துவிட்டார். அக்டோபரில் மீனவர்களின் படகுகள் 7,000க்கும் மேற்பட்ட யூதர்களைக் கடல் கடந்து சுவீடனில் சேர்த்தன. அக்கரை அருகில் இருந்தது பெரும் வாய்ப்பு. அவர்களுக்குக் கதவு திறந்த அண்டைவீட்டார் அதைவிடப் பெரும் வாய்ப்பு.

அல்பேனியா முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு. போருக்கு முன் அங்கிருந்த யூதர்கள் ஏறத்தாழ 200 பேர். போர் முடிந்தபோது அவர்களின் எண்ணிக்கை அதைப் பன்மடங்கு மிஞ்சியிருந்தது. யூதர்களின் பட்டியலை ஜெர்மானியர் கேட்டபோது அதிகாரிகள் தர மறுத்தனர். தஞ்சம் புகுந்தவரை உயிரைக் கொடுத்தேனும் காக்க வேண்டும் என்னும் ‘பேசா’ மரபை மக்கள் பேணினர். ரெஃபிக் வெசெலி என்னும் முஸ்லிம் இளைஞர், தமக்குப் புகைப்படத் தொழில் கற்றுத்தந்த மோஷே மந்தில் குடும்பத்தைக் க்ரூயா ஊரிலிருந்த தம் பெற்றோரின் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். அக்குடும்பம் விடுதலை நாள் வரை அங்கே பத்திரமாக இருந்தது.

இதைப் படித்து நாம் பெருமிதம் கொள்ளலாம். ஆனால் வரலாறு இத்துடன் முடியவில்லை. பக்கத்திலேயே உள்ள கொசோவோவில், அதே மொழி பேசும், அதே கலிமாவை மொழியும் மக்களிலிருந்து திரட்டப்பட்ட நாஜிகளின் ஸ்கந்தர்பெக் படைப்பிரிவு, 1944 மே மாதத்தில் பிரிஷ்டினா நகரில் 281 யூதர்களைப் பிடித்துக்கொடுத்தது. பெயரளவிலான மார்க்கம் எவரையும் காத்துவிடவில்லை. பட்டியலைக் கொடுப்பதா மறுப்பதா, கதவைத் திறப்பதா அடைப்பதா என்று அவரவர் எடுத்த முடிவே பல உயிர்களின் விதியை மாற்றியது.

பலஸ்தீன மக்களின் துயரம் நம் நெஞ்சை எரிக்கும் இந்நாளில், யூதர்களின் துயரத்தைப் பேசுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதியிலிருந்து நம்மைப் பிறழச் செய்யலாகாது என்று ஸூரத்துல் மாயிதா நமக்குக் கட்டளையிடுகிறது. தம்மைக் கடந்து சென்ற ஒரு யூதரின் ஜனாஸாவுக்காக எழுந்து நின்றவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். கொல்லப்பட்ட குழந்தைக்காக வருந்துமுன் அதன் சமூகம் எது என்று விசாரிக்கும் வழக்கம் அவர்களின் வழியில் இல்லை.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றை முழுமையாகச் சொல்வோம். வெசெலி குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது பிரிஷ்டினாவையும் மறைக்காமல் சொல்வோம். அநீதியான ஆணை ஒன்று அலுவலக மேசைக்கோ வீட்டு வாசலுக்கோ வரும் நாளில், மறுக்கும் துணிவை அந்த அறிவு அவர்களுக்குத் தரக்கூடும்.

வல்ல ரஹ்மான் நம்மையும் நம் சந்ததியினரையும் நீதியின் பக்கம் நிலைத்து நிற்கச் செய்வானாக! ஆமீன்.