1980-ல் பெயர் வைத்த நோய்

2004 டிசம்பர் 26 காலைவரை எம்.ஜி.ஆர். திட்டு ஓர் ஊர். பிச்சாவரம் காட்டுக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த மணல்திட்டு அது. சுனாமி வந்துபோன மதியம் அங்கே ஊர் இல்லை. பிழைத்தவர்களைப் பிறகு கிள்ளைப் பக்கம் குடியமர்த்தினார்கள். கடலூர் மாவட்டத்தில் அன்று இறந்தவர்கள் 600 பேருக்கும் மேல்.

அடக்கம் முடிந்து, நிவாரண அரிசியும் வந்துசேர்ந்த பிறகுதான் இன்னொன்று தெரியத் தொடங்கியது. அலைச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அந்தச் சத்தத்தால் தூங்க முடியாமல் தவித்தார்கள். “பயந்திருக்கு, மந்திரிச்சாச் சரியாப் போயிடும்” என்று கயிறு கட்டுவது நம் வழக்கம். கரைக்கு வந்த மனநல மருத்துவர்களோ அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்: போஸ்ட் டிராமாட்டிக் ஸ்ட்ரெஸ் டிஸார்டர், சுருக்கமாகப் பி.டி.எஸ்.டி. அந்தப் பெயருக்கு அப்போது வயது 24தான்.

நோய் மட்டும் பழையது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் நெஞ்சு படபடப்பும் மூச்சுத் திணறலுமாக வந்த சிப்பாய்களைப் பரிசோதித்த ஜேக்கப் டா கோஸ்டா, 1871-ல் அதை இதயக் கோளாறு என்று எழுதினார். முதல் உலகப் போரில், 1915-ல், சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் ‘ஷெல் ஷாக்’ என்ற பெயரை மருத்துவ இதழில் ஏற்றினார். குண்டு வெடித்த அதிர்ச்சி மூளையைத் தாக்கியிருக்கும் என்பது அன்றைய ஊகம். ஆனால் குண்டு பக்கத்தில் விழாதவர்களும் நடுங்கினார்கள். உடனே சந்தேகம் சிப்பாயின் மேல் திரும்பியது: இவன் கோழை, நடிக்கிறான். கோழைத்தனம், படையை விட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்றவர்களில் 306 பேருக்கு 2006-ல்தான் மன்னிப்பு வந்தது. அவர்களில் எத்தனை பேர் நோயாளிகளோ!

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1952-ல், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் முதல் கையேட்டில் இதற்கு ஓர் இடம் கொடுத்தது. அதிலும் ஒரு கொக்கி இருந்தது. இயல்பான மனிதனுக்கு இது சில நாளில் போய்விடும்; போகவில்லையென்றால் கோளாறு அவனிடம் முன்பே இருந்திருக்க வேண்டும் என்றது கையேடு. 1968-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தப் பிரிவே காணாமல் போனது. வியட்நாமில் போர் உச்சத்தில் இருந்த நேரம் அது!

அதைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் அந்தப் போரிலிருந்து வீடு திரும்பிய சிப்பாய்கள். நியூயார்க்கில் அவர்கள் கூடி உட்கார்ந்து, கண்டதையும் செய்ததையும் பேசினார்கள். உடன் உட்கார்ந்து கேட்ட மருத்துவர்களில் ஹயிம் ஷாட்டன், ராபர்ட் லிஃப்டன் இருவரும் முக்கியமானவர்கள். 1972-ல் ஷாட்டன் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றி எழுதினார். 1974-ல் ஆன் பர்கெஸ், லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற இரு பெண்கள், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடமும் இதே வகைத் தவிப்பைப் பதிவு செய்தார்கள். பல ஆண்டு வாதாட்டத்துக்குப் பிறகு 1980-ல், கையேட்டின் மூன்றாம் பதிப்பில், பி.டி.எஸ்.டி. அச்சேறியது. அதன் பெரிய சாதனை இதுதான்: கோளாறு ஆளிடம் இல்லை, அவருக்கு நேர்ந்ததில் இருக்கிறது என்று மருத்துவமே ஒப்புக்கொண்டது.

அறிகுறிகளை நம் கரையில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். நடந்தது கெட்ட கனவாகவும், பட்டப்பகலில் கண்முன் ஓடும் காட்சியாகவும் திரும்பத் திரும்ப வரும். கடற்கரைப் பக்கமே போகமாட்டார், அந்தப் பேச்செடுத்தால் எழுந்துபோய்விடுவார். கதவு படாரென்று சாத்தினால் தூக்கிவாரிப்போடும். தூக்கமில்லை, தொட்டதற்கெல்லாம் எரிச்சல். ‘அந்தப் பிள்ளையின் கையை விட்டது நான்தானே’ என்ற குற்ற உணர்வு, உறவுகளிடம்கூட ஒட்டாத மரத்துப்போன மனசு. பிள்ளைகள் அலை வருகிற விளையாட்டையே திரும்பத் திரும்ப விளையாடலாம், படுக்கையை நனைக்கலாம்.

இதெல்லாம் முதல் சில வாரங்களில் பலருக்கும் வரும். பெரும்பாலோருக்குத் தானாகவே தணியும். ஒரு மாதம் தாண்டியும் விடாமல், தொழிலையும் குடும்பத்தையும் கெடுத்தால்தான் அது நோய். சிலருக்கு ஆறு மாதம் கழித்தும் முழுதாக வெளிப்படும். 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம் என்று அடி மேல் அடி வாங்கிய மாவட்டத்தில் இதை மறக்கக் கூடாது.

சுனாமிக்கு இரண்டு மாதம் கழித்து தமிழகத்தின் ஒரு மீனவ கிராமத்தில் நடந்த ஆய்வில் 12.7 சதவீதம் பேருக்கு இந்த நோய் தென்பட்டது. பெண்கள், காயம்பட்டவர்கள், வருமானமே இல்லாத வீட்டார் ஆகியோரிடம் அதிகம். படகும் வலையும் திரும்பக் கிடைப்பதும் வைத்தியத்தில் சேர்த்திதான் என்பது என் கட்சி. ஆனால் படகு மட்டும் போதாதவர்களும் உண்டு. அவர்களுக்கு, பயமுறுத்தும் நினைவை மெல்ல மெல்ல எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சையும், தேவைப்பட்டால் மாத்திரையும் நன்றாகவே பலன் தரும். சாராயம் தராது; தூக்கத்தைத்தான் இன்னும் கெடுக்கும்.

கயிறு கட்டுவதை விடச் சொல்லவில்லை. அதோடு ஆஸ்பத்திரிக்கும் போங்கள். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரத்தில், அண்ணாமலை நகரில், அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சாக வேண்டும்போல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் மாதக் கணக்குப் பார்க்காதீர்கள், தனியே விடாமல் அன்றைக்கே அழைத்துப்போங்கள். நேரில் போகத் தயக்கமென்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம்.