உறங்கும் முன் புரத உணவு

உறங்கும் முன் புரத உணவு என்பது, இரவில் படுக்கைக்குச் செல்வதற்குச் சற்று முன்பாகப் புரதம் மிகுந்த உணவையோ பானத்தையோ உட்கொள்ளும் பழக்கத்தைக் குறிக்கும். தசை வளர்க்கும் பயிற்சி செய்வோரிடையே பரவிய இப்பழக்கத்தை, உடல் எடையைக் குறைக்க விரும்புவோரும் பின்பற்றுகின்றனர். இரவுப் புரதம் தசையாக்கத்திற்கு உதவும் என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உள்ளன. எனினும் அது தானாகக் கொழுப்பைக் கரைப்பதில்லை. எடை குறைவதற்கு நாள் முழுவதும் உண்ணும் மொத்த ஆற்றல் குறைய வேண்டும்; தசையைக் காப்பதற்குப் போதிய புரதமும் பயிற்சியும் வேண்டும். புரதத்தை எந்த நேரத்தில் உண்பது என்பது இவற்றுக்கு அடுத்த நிலையிலேயே வருகிறது.

எடை குறைப்பும் தசை இழப்பும்

உடலுக்குத் தேவையானதை விடக் குறைந்த ஆற்றலை உணவில் பெறும்போது, உடல் தன் சேமிப்பை எரிக்கிறது. அப்போது கொழுப்புடன் தசையும் ஓரளவு கரைகிறது. இவ்விழப்பைக் குறைப்பதற்கு எடை தூக்குதல் போன்ற பயிற்சிகளும் கூடுதல் புரதமும் பரிந்துரைக்கப்படுகின்றன.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2016ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எடுத்துக்காட்டாகும். இதில் 40 இளைஞர்கள் நான்கு வாரங்கள் குறைந்த ஆற்றல் உணவை உண்டு, கடும் பயிற்சியும் மேற்கொண்டனர். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 2.4 கிராம் புரதம் உண்டவர்கள் சராசரியாக 4.8 கிலோ கொழுப்பை இழந்தனர். 1.2 கிராம் உண்டவர்கள் 3.5 கிலோ இழந்தனர். இங்கு ஒப்பிடப்பட்டது நாளின் மொத்தப் புரத அளவே அன்றி, இரவு நேரப் புரதம் அன்று என்பது கவனிக்கத்தக்கது.

புரதம் செரிக்கும் முறை

பசும்பாலில் உள்ள புரதத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு கேசீன் ஆகும். எஞ்சியது வே எனப்படும் பால்தெளிவுப் புரதம். கேசீன் இரைப்பையின் அமிலத்தில் திரிந்து கட்டியாவதால் மெதுவாகச் செரிக்கிறது. அதிலிருந்து பிரியும் அமினோ அமிலங்கள் பல மணி நேரம் தொடர்ந்து இரத்தத்தில் கலக்கின்றன. வே புரதமோ விரைவாகச் செரித்துவிடுகிறது. இவ்வேறுபாட்டைப் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் 1997ல் வெளியிட்டனர். இரவு முழுவதும் உணவின்றி இருக்கும் உடலுக்குக் கேசீன் ஏற்றது என்ற கருத்து இதன் அடிப்படையில் அமைந்ததாகும்.

ஆய்வுகள்

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012ல் வெளியிட்ட ஆய்வில், மாலையில் பயிற்சி செய்த இளைஞர்களுக்கு உறங்குவதற்கு முன் 40 கிராம் கேசீன் அளிக்கப்பட்டது. அவர்களது தசைப் புரதத் தொகுப்பு அன்றிரவு சுமார் 22 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 2015ல் வெளியான மற்றோர் ஆய்வில், 44 இளைஞர்கள் 12 வாரங்கள் பயிற்சி செய்தனர். இரவில் 27.5 கிராம் புரதம் கொண்ட பானம் அருந்தியவர்களின் தசையும் வலிமையும் மற்றவர்களை விடக் கூடுதலாக வளர்ந்தன. ஆனால் மற்றவர்களுக்கு ஆற்றலற்ற பானமே தரப்பட்டது. எனவே வேறுபாட்டிற்குக் காரணம் இரவு நேரமா, கூடுதல் புரதமா என்பதை இவ்வாய்விலிருந்து பிரித்தறிய இயலாது.

இவ்வினாவை நேரடியாக ஆராய்ந்த ஓர் ஆய்வு 2018ல் வெளிவந்தது. இதில் ஒரு குழுவினர் 35 கிராம் கேசீனைப் பகலிலும், மற்றொரு குழுவினர் அதே அளவை இரவிலும் 10 வாரங்கள் உட்கொண்டனர். இரு குழுக்களின் தசை வளர்ச்சிக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இவ்வாய்வுகளில் பங்கேற்றோர் பயிற்சி செய்த இளைஞர்கள் என்பதால், பயிற்சியின்றி எடை குறைக்க முயலும் நடுவயதினருக்கு இம்முடிவுகளை அப்படியே பொருத்த இயலாது.

இரவில் தாமதமாக உண்பதற்கும் விளைவுகள் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிகை எடையோ உடற்பருமனோ கொண்ட 16 பேரிடம் நடத்தப்பட்டு 2022ல் வெளியான ஆய்வில், அதே உணவை நான்கு மணி நேரம் தாமதித்து உண்டபோது பசியுணர்வு கூடியது, உடல் செலவிடும் ஆற்றல் குறைந்தது.

மதுரை வட்டார உணவில்

தூங்கா நகரம் எனப்படும் மதுரையில் இரவு உணவகங்கள் நெடுநேரம் இயங்குகின்றன. பரோட்டா, கொத்துப் பரோட்டா, கறி தோசை, இட்லி ஆகியன இரவில் பெரிதும் விரும்பப்படுபவை. இவற்றுள் பெரும்பாலானவற்றில் மாவுச்சத்தே மிகுதி. பால் சேர்ந்ததாயினும் ஜிகர்தண்டாவில் சர்க்கரையும் பனிக்கூழும் உள்ளன. பருத்திப்பாலில் வெல்லமோ கருப்பட்டியோ சேர்க்கப்படுகிறது. எனவே இவற்றை எடை குறைப்புக்கான இரவுப் புரதமாகக் கொள்ள இயலாது.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வளர்ந்தவர் ஒருவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. இதன்படி 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 50 கிராம் வேண்டும். எளிதில் கிடைக்கும் சில உணவுகளின் தோராய அளவுகள் வருமாறு:

- கொழுப்பு குறைக்கப்பட்ட பால், 200 மி.லி.: புரதம் 6 கிராம், ஆற்றல் 120 கிலோகலோரி
- அவித்த முட்டை, 2: புரதம் 12 கிராம், ஆற்றல் 150 கிலோகலோரி
- அவித்த கொண்டைக்கடலை, 100 கிராம்: புரதம் 8 கிராம், ஆற்றல் 160 கிலோகலோரி
- நிலக்கடலை, 30 கிராம்: புரதம் 7 கிராம், ஆற்றல் 170 கிலோகலோரி

ஒரு தம்ளர் பாலில் உள்ள கேசீன் சுமார் 5 கிராம் மட்டுமே. 2012ஆம் ஆண்டு ஆய்வில் தரப்பட்ட 40 கிராமைப் பெற ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பால் அருந்த வேண்டும். ஆகவே அவ்வாய்வின் முடிவை இரவில் அருந்தும் ஒரு தம்ளர் பாலுக்கு உரியதாகக் கூறுதல் பொருந்தாது.

கூட்டலும் மாற்றீடும்

நாளொன்றுக்கு 500 கிலோகலோரி குறைத்து உண்ணும் ஒருவர், வழக்கமான இரவு உணவுக்குப் பின் இரண்டு முட்டையும் ஒரு தம்ளர் பாலும் சேர்த்துக்கொண்டால் 270 கிலோகலோரி கூடும். அவரது குறைப்பு 230 ஆகச் சுருங்கிவிடும். அதே முட்டையையும் பாலையும், இரவில் உண்ணும் பரோட்டா அல்லது சோற்றின் ஒரு பகுதிக்கு மாற்றாகக் கொண்டால், மொத்த ஆற்றல் கூடாமலேயே புரதம் கூடும். புரதம் செரிப்பதற்கே அதன் ஆற்றலில் 20 முதல் 30 விழுக்காடு வரை செலவாவதும், அது பசியை அடக்குவதும் கூடுதல் நன்மைகளாகும். காலையிலும் நண்பகலிலும் போதிய பயறு, முட்டை, மீன் உண்பவருக்கு இரவில் தனியாகப் புரதம் தேவைப்படுவதில்லை.

எச்சரிக்கைகள்

- சிறுநீரக நோய் உள்ளோருக்குக் கூடுதல் புரதம் தீங்கு விளைவிக்கக்கூடும். நீரிழிவு உள்ளோர் பலருக்குச் சிறுநீரகப் பாதிப்பு வெளியில் தெரியாமலே இருக்கலாம் என்பதால், மருத்துவரைக் கேட்ட பின்னரே புரதத்தைக் கூட்ட வேண்டும்.
- இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுப்போர், இரவு உணவின் மாவுச்சத்தைத் தாமாகவே குறைத்தால் உறக்கத்தில் இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடும் அபாயம் உண்டு.
- நெஞ்செரிச்சல் உள்ளோர் உண்டபின் இரண்டு அல்லது மூன்று மணி நேரம் கழித்தே படுப்பது நல்லது.
- பால் சர்க்கரை செரிக்காதவர்களுக்கு இரவில் பால் அருந்துவதால் வயிற்றுப் பொருமல் ஏற்படலாம்.
- தசை வளர்ப்புக்காகப் புரத மாவுகளை உட்கொள்வதைத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு உணவு வழிகாட்டி ஊக்குவிக்கவில்லை.