ஹோண்டா அமெரிக்காவுக்குப் போன கதை

சொந்தத் தொழில் ஆரம்பிக்கப் போறேன்னு நண்பர் ஒருத்தர் போன வாரம் லேப்டாப்போட வீட்டுக்கு வந்தார். சத்துமாவு பாக்கெட். ஜிம்முக்குப் போற ஐ.டி. பசங்கதான் குறியாம். நாற்பது பக்கம் பிளான், கலர் கலரா கிராஃப். எல்லாத்தையும் பார்த்துட்டு, "அந்தப் பசங்க ஒருத்தர்கிட்டயாவது பேசினீங்களா?"ன்னு கேட்டேன். "அதான் மார்க்கெட் ரிப்போர்ட் இருக்கே"ன்னார். பி.எஃப். பணத்தை வேற எடுக்கப் போறாராம். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அன்னிக்கு அவருக்குச் சொன்ன கதைதான் இது.

1975ல பிரிட்டிஷ் அரசாங்கத்துக்காக பாஸ்டன் கன்சல்டிங் குரூப் ஓர் அறிக்கை எழுதிச்சு. பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் தொழில் ஏன் படுத்துச்சு, ஜப்பான்காரன் எப்படி ஜெயிச்சான் என்பதுதான் விஷயம். உள்ளூர்ல லட்சக்கணக்குல உற்பத்தி, அதனால விலை குறைவு, சின்ன வண்டியை வெச்சு அமெரிக்காவுக்குள்ள நுழைஞ்சு அப்புறம் பெரிய வண்டிக்குப் போனாங்க. படிச்சா சதுரங்கம் ஆடின மாதிரி இருக்கும்.

1982ல ரிச்சர்ட் பாஸ்கல்னு ஒரு பேராசிரியர் டோக்கியோவுக்கே போய், அமெரிக்காவுல முதல்ல கடை போட்ட ஹோண்டா ஆட்களைப் பிடிச்சுக் கேட்டார். 1984ல அவர் எழுதின கட்டுரையில வர்ற கதையே வேற.

1959ல கவாஷிமாவும் கூட சிலரும் லாஸ் ஏஞ்சலஸ்ல இறங்கறாங்க. ஜப்பான் நிதி அமைச்சகம் அனுமதிச்சது 2,50,000 டாலர். அதுலயும் ரொக்கம் 1,10,000தான், மிச்சம் வண்டியும் உதிரி பாகமும். மாசம் 80 டாலர் வாடகையில ஓர் அபார்ட்மென்ட். அதுல ரெண்டு பேருக்குப் படுக்கை தரையிலதான். கிடங்குல பெட்டிகளைக் கையாலயே மூணு அடுக்கா ஏத்தி வெச்சாங்க. அங்கே மோட்டார் சைக்கிள் சீசன் ஏப்ரல்ல ஆரம்பிச்சு ஆகஸ்ட்ல முடியும். இவங்க கடை போட்டது சீசன் முடியற நேரம். அது கூடத் தெரியாமத்தான் போயிருக்காங்க!

கொண்டு போனது 50, 125, 250, 305 சிசி, நாலும் கால் கால் பங்கு. முதலாளி சோய்ச்சிரோ ஹோண்டாவுக்குப் பெரிய வண்டிங்க மேலதான் நம்பிக்கை. அதுங்க ஹேண்டில்பார் புத்தர் புருவம் மாதிரி இருக்கு, அதுவே விற்கும்னு நினைச்சாராம் :-)

50 சிசி வண்டி சூப்பர் கப். 1958ல ஜப்பான்ல வந்தது. ஒரு கையில நூடுல்ஸ் தட்டைத் தூக்கிட்டு மறு கையால ஓட்டற கடைப் பையனை மனசுல வெச்சு செஞ்ச வண்டி. இடது கையில கிளட்ச் பிடிக்க வேண்டாம், காலைத் தூக்கிப் போட்டு ஏறவும் வேண்டாம். அதாவது, சொந்த ஊர்ல வாங்கறவன் யாருன்னு அவங்களுக்கு அத்துப்படி. ஆனா, அமெரிக்காவுல எல்லாமே பெருசு, இந்தக் குட்டி வண்டியை எவன் வாங்குவான்னு ஓரமா வெச்சுட்டாங்க. (மலேசியப் பதிவர்களுக்கு அறிமுகமே தேவையில்ல. உங்க ஊர் கப்சாய்க்குப் பேர் வந்ததே இந்த 'கப்'லேர்ந்துதான்.)

1960 ஏப்ரல்ல இடி விழுந்துச்சு. அமெரிக்காக்காரன் ஜப்பான்காரனை விட அதிக தூரம், அதிக வேகம் ஓட்டறான். பெரிய வண்டிகள்ல எண்ணெய் ஒழுகுது, கிளட்ச் போகுது. கையில இருந்த கொஞ்சப் பணத்தையும் செலவழிச்சு, கெட்டுப்போன வண்டிகளை விமானத்துல ஜப்பானுக்கு அனுப்பினாங்க. ஒரே மாசத்துல அங்கே கோளாறைச் சரி பண்ணிட்டாங்க. ஆனா அதுக்குள்ள கதை திரும்பிடுச்சு.

கடை கண்ணிக்குப் போக இவங்க ஓட்டினது அந்தக் குட்டி வண்டிகளைத்தான். தெருவுல போறவங்க நிறுத்தி நிறுத்தி விசாரிச்சாங்க. ஒருநாள் சியர்ஸ் கம்பெனியிலேர்ந்தே போன். அப்பவும் தயக்கம், சின்ன வண்டியை வித்தா முரட்டு பைக் ஆசாமிங்க சிரிப்பாங்களேன்னு. பெரிய வண்டி படுத்த பிறகு வேற வழியில்லாமத்தான் வித்தாங்க. வாங்கினவங்க அவங்க நினைச்ச ஆளுங்களே இல்ல, அதுக்கு முன்னாடி பைக் பக்கமே போகாத சாதாரண ஜனங்க. விக்க முன்வந்ததும் பைக் டீலருங்க இல்ல, விளையாட்டுச் சாமான் கடைக்காரங்க! ஹோண்டா ஓட்டினா நல்ல மனுஷங்களைச் சந்திக்கலாம்னு 1963ல வந்த புகழ்பெற்ற விளம்பரம்கூட ஒரு கல்லூரி மாணவர் வகுப்புக்காக எழுதினதுலேர்ந்து வந்ததுதான். 1964ல அங்கே வித்த ரெண்டு மோட்டார் சைக்கிள்ல கிட்டத்தட்ட ஒண்ணு ஹோண்டா.

பாஸ்கல் கதையையும் அப்படியே முழுங்க வேண்டாம். இருபது வருஷம் கழிச்சுச் சொல்றப்ப யாருக்கும் ஞாபகம் கொஞ்சம் மெருகேறும். மலிவா, லட்சக்கணக்குல செய்யற தொழிற்சாலை ஊர்ல இல்லேன்னா, ஆள் கிடைச்சும் விக்க முடிஞ்சிருக்காது. என் கணக்குல, ஆள் கிடைச்ச பிறகு எப்படி ஜெயிச்சாங்கன்னு 1975 அறிக்கை சொல்லுது. ஆள் எப்படிக் கிடைச்சான்ங்கிறது அதுல இல்ல. புதுசா தொழில் தொடங்கறவனுக்கு வேண்டியது அதுதானே?

நண்பர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். "வாங்குவீங்களா"ன்னு கேட்காதீங்க, நம்ம ஜனங்க முகத்துக்கு நேரே இல்லேன்னு சொல்ல மாட்டாங்க. நேத்து காலையில என்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு ஆச்சு, ஏன் அதுன்னு கேளுங்க. காசு வாங்காம பாக்கெட்டைக் கொடுக்காதீங்க. ஜிம் வாசல்ல மட்டும் நிக்காதீங்க, யாரு தானா வந்து "என்னங்க இது?"ன்னு கேக்கறாங்களோ, அவங்களைக் குறிச்சு வெச்சுக்கோங்க.

மனுஷனுக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் ஞாயித்துக்கிழமை இருபது பாக்கெட்டோட கிளம்பறாராம். பி.எஃப். ஃபாரத்தை இன்னும் கொடுக்கல.