கணக்கில் வராத காற்று: ஒரு பழைய வேன் எஞ்சினின் வரலாறு

பி.காம். படிக்கிறவனுக்கு வேன் எஞ்சினோடு என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினும் ஒரு வரவு செலவு விவகாரம்தான். 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று இதைவிட அதிகமானால் மிக்சர் 'லீன்' என்பார்கள் மெக்கானிக்குகள். குறைந்தால் 'ரிச்'. மிக்சர் ரொம்ப லீனாகிவிட்டால் எஞ்சின் ஐடிலில் தடுமாறும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் இழுக்காது, சுமையோடு மேடு ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் வால்வு கருகும்.

இந்தக் காற்றுக் கணக்கை யார் எழுதினார்கள், எப்படி எழுதினார்கள் என்பதுதான் நம் விஷயம். உதாரணத்துக்கு ஒரே ஒரு வண்டி: ஃபோக்ஸ்வேகன் வேன்.

கார்புரேட்டர் காலம்

இந்த வேன் 1950-ல் ஜெர்மனியில் உற்பத்திக்கு வந்தது. பார்க்க நம் ஆம்னி போலப் பெட்டி உருவம்தான். ஆனால் எஞ்சின் பின்பக்கம். ரேடியேட்டரும் தண்ணீரும் கிடையாது, காற்றாலேயே குளிர வேண்டும். அதனால் லீன் மிக்சரின் சூடு இதற்குக் கூடுதல் ஆபத்து.

அதில் இருந்தது கார்புரேட்டர். வில்ஹெல்ம் மேபாக் 1893-ல் உருவாக்கிய ஸ்ப்ரே கார்புரேட்டரின் வாரிசு. இது எதையும் அளப்பதில்லை. குறுகலான கழுத்து வழியாகக் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறையும், பெட்ரோல் தானாக உறிஞ்சப்படும். அவ்வளவுதான்.

கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள குழாயில் எப்போதும் உறிஞ்சும் சக்தி, அதாவது வேக்குவம், இருக்கும். அங்கே ஒரு கேஸ்கட் விரிசல் விட்டால் வெளிக்காற்று நேராக உள்ளே நுழையும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது போல, காற்று வருகிறது, சரக்கு வருவதில்லை. இதுதான் வேக்குவம் லீக்.

அன்று இதைக் கண்டுபிடிக்கக் காது, கண், ஒரு மீட்டர் போதும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் பழுப்பு நிறம் நல்லது, வெள்ளை என்றால் லீன், கருப்புக் கரி என்றால் ரிச். வேக்குவம் மீட்டரை மாட்டினால் நல்ல எஞ்சின் ஐடிலில் பொதுவாக 17 முதல் 21 அங்குலம் பாதரசம் காட்டும். முள் ஆடாமல் கீழே நின்றால் லீக் மீது சந்தேகம் வரும். 1969-ல் அமெரிக்காவில் ஜான் முயிர் என்ற எஞ்சினியர், மெக்கானிக் வேலையே தெரியாதவர்களுக்காக ஃபோக்ஸ்வேகன் ரிப்பேர் புத்தகம் எழுதினார். சாதாரண ஆட்கள் தங்கள் வேனைத் தாங்களே பிரித்து மாட்டினார்கள்.

சட்டமும் கணக்குப்பிள்ளையும்

1970-ல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் வந்தது. கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் 1975 மாடல் கார்களில் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது. காலக்கெடு பிறகு தள்ளிப்போனது, ஆனால் திசை மாறவில்லை. கொஞ்சம் ரிச்சாக விட்டுத் தப்பிக்கும் பழைய வழி அடைபட்டது. இனி அளந்தாக வேண்டும்.

இங்கேதான் சுவாரசியம். பாஷ் நிறுவனம் 1967-ல் கொண்டுவந்த டி-ஜெட்ரோனிக், குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோல் அளந்தது. அதில் லீக் வந்தால் அழுத்தம் ஏறும், எஞ்சினுக்கு வேலை கூடிவிட்டது என்று நினைத்து கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும். ஐடில் வேகம்தான் ஏறும், எஞ்சின் லீன் ஆகாது.

அடுத்து வந்த எல்-ஜெட்ரோனிக் வேறு வழியில் போனது. வாசலில் ஒரு மடல் கதவு. வரும் காற்று அதைத் தள்ளும் அளவை வைத்துப் பெட்ரோல். அமெரிக்காவில் விற்ற ஃபோக்ஸ்வேகன் வேனுக்கு 1975 மாடலிலிருந்து இதுதான். ஐரோப்பாவில் விற்ற வேன்களில் கார்புரேட்டரே தொடர்ந்தது.

வாசலில் பில் போட்டு வந்த காற்றுக்கு மட்டும்தான் பெட்ரோல். பின்கதவு வழியாக வந்த காற்று எந்த லெட்ஜரிலும் இல்லை. ஆக, அதே ஓட்டை, ஒரு கணக்கு முறையில் வெறும் அதிக ஐடில், இன்னொன்றில் லீன் எஞ்சின்! பழுது ரப்பரில் இருந்தாலும், அது எப்படித் தெரியும் என்பதைக் கணக்கு எழுதும் முறைதான் தீர்மானித்தது.

இந்த வேனில் பின்கதவுகளும் நிறைய. மீட்டரையும் த்ராட்டிலையும் இணைக்கும் ரப்பர் குழாய், இன்ஜெக்டர் சீல், பிரேக் பூஸ்டர் ஹோஸ், ஆயில் மூடி. ஆமாம், ஆயில் மூடியும்தான். ஆயில் இருக்கும் அறையும் உறிஞ்சு குழாயோடு இணைந்திருப்பதால், ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தாலே எஞ்சின் தடுமாற வேண்டும். தடுமாறவில்லை என்றால் ஏற்கெனவே வேறு எங்கோ பெரிய ஓட்டை இருக்கலாம். காசு செலவில்லாத பரிசோதனை.

ஆடிட்டர் வந்தார்

1976-ல் பாஷின் லேம்ப்டா சென்சார் வால்வோ கார்களில் வந்தது. 1980-களில் அமெரிக்காவில் வானகன் என்ற பெயரில் விற்ற அடுத்த தலைமுறை ஃபோக்ஸ்வேகன் வேன்களிலும் வந்தது. இது புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைப் பார்த்து, மிக்சர் லீனா ரிச்சா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலைத் திருத்தும். சின்ன லீக் இதனால் வெளியே தெரியாமலே மறைந்துவிடும். பெரிதாகி, திருத்தும் எல்லையைத் தாண்டினால்தான் தெரியும்.

ஆடிட்டரும் ஏமாறுவார். சென்சாருக்கு முன்னால் சைலென்சர் குழாயில் ஓட்டை இருந்தாலும், ஒரு பிளக் எரியாமல் விட்டாலும், எரியாத ஆக்சிஜன் அங்கே வந்து சேரும். சென்சார் 'லீன்' என்றே சொல்லும். 1996 மாடல் முதல் அமெரிக்காவின் எல்லாக் கார்களிலும் கட்டாயமான ஓபிடி-2 முறையின் பி0171 என்ற கோடும் லீன் என்று மட்டும்தான் சொல்கிறது, எங்கே என்று சொல்வதில்லை. அமெரிக்காவில் வானகன் விற்பனையோ 1991 மாடலோடு முடிந்துவிட்டது. அந்த வேன்களுக்கு இந்தக் கோடுகூடக் கிடையாது.

அப்படியானால் எப்படித் தேடுவது?

முதல் கேள்வி: எப்போது லீன்? ஐடிலில் மோசமாகவும் வேகம் கூடும்போது சரியாகவும் இருந்தால் வேக்குவம் லீக் மீது சந்தேகப்படலாம். 100 ரூபாய் வியாபாரத்தில் 10 ரூபாய் ஓட்டை பெரிது, 10,000 ரூபாய் வியாபாரத்தில் அது தெரியாது. ஐடிலில் எஞ்சின் எடுக்கும் காற்றே குறைவு என்பதால் லீக்கின் பங்கு அங்கே அதிகம். மாறாக, சுமை ஏற ஏற மோசமானால் பெட்ரோல் ஃபில்டர், பம்பு, அழுத்தம் பக்கம் பார்க்க வேண்டும்.

பிறகு ஒவ்வொரு ஹோஸாக விரலால் வளைத்து விரிசல் பார்ப்பது, ஒவ்வொன்றாக அடைத்து ஐடில் மாறுகிறதா என்று கேட்பது. கார்புரேட்டர் கிளீனரை ஸ்ப்ரே அடித்தும் தேடுவார்கள். ஆனால் சூடான எஞ்சினில், ஸ்பார்க் தாவும் இடத்தில், அது தீப்பிடிக்கும். பெட்ரோல் டேங்க் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பழைய வேனில் அந்த விளையாட்டு வேண்டாம். எஞ்சினை நிறுத்திவிட்டு உள்ளே புகை செலுத்தி, எங்கே வெளியே வருகிறது என்று பார்ப்பது பாதுகாப்பானது.

இதைச் செய்யாமல் சென்சார், காற்று மீட்டர், கம்ப்யூட்டர் என்று வரிசையாக மாற்றினால் ஆயிரக்கணக்கில் செலவாகும், வண்டி அப்படியே தடுமாறும். கடைசியில் காரணம் 30 வருடம் வெயிலிலும் சூட்டிலும் காய்ந்த ஒரு சாண் ரப்பர் குழாயாக இருக்கலாம். கணக்கில் இடிக்கிறது என்று சொல்ல இன்று கருவிகள் உண்டு. ஆனால் பில் இல்லாமல் சரக்கு நுழையும் கதவைக் கண்டுபிடிக்க, கோடவுனுக்குள் ஒருவர் நடந்துதான் பார்க்க வேண்டும்.