கூட்டம் போடலாம், டான்ஸ் ஆடக் கூடாது

இன்றைக்கு அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் நோட்டீஸ் போர்டைப் பார்த்தால், செமஸ்டர் தொடங்கிய வாரத்திலேயே போஸ்டர்கள் குவிந்திருக்கும். நாடகம், கவிதை வாசிப்பு, டிராக் ஷோ, குயர் திரைப்பட மாலை, மாணவர்களுக்கு அனுமதி இலவசம், இத்யாதி. கடந்துபோகிற யாரும் நின்றுகூடப் படிப்பதில்லை. அவ்வளவு சாதாரணமாகிவிட்ட இந்த விஷயத்தை 1973-ல் ஒரு மாநில கவர்னரே கிளம்பி வந்து நிறுத்தப் பார்த்தார். அவர் குறிவைத்தது ஒரு டான்ஸ் நிகழ்ச்சியை. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அதற்கு முன் ஆறு வருடம் பின்னால் போகணும். 1967 ஏப்ரலில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் ஸ்டூடண்ட் ஹோமோஃபைல் லீக் என்ற மாணவர் அமைப்பைப் பதிவு செய்துகொண்டது. தன்பாலீர்ப்பு மாணவர்களுக்கென்று அமெரிக்காவில் முறையாக அங்கீகாரம் பெற்ற முதல் அமைப்பு அதுதான். தொடங்கியவர் ராபர்ட் மார்ட்டின். வெளியே பயன்படுத்திய பெயர் ஸ்டீபன் டொனால்ட்சன். பதிவுக்கு உறுப்பினர் பெயர்ப் பட்டியல் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. பெயர் வெளியே தெரிந்தால் படிப்பு, வேலை, வீடு மூன்றும் போகக்கூடிய காலம் அது. டொனால்ட்சன் என்ன செய்தார் தெரியுமா? வளாகத்தில் செல்வாக்குள்ள மற்ற மாணவத் தலைவர்களிடம் போய், அவர்களுடைய பெயர்களைக் கடன் வாங்கிப் பட்டியலை நிரப்பினார். மே 3 அன்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. பல்கலைக்கழகத்துக்குத் தலைவலி ஆரம்பம்.

நிர்வாகம் அமைப்பைக் கலைக்கவில்லை, ஒரு நிபந்தனை மட்டும் போட்டது. சந்திப்பு, கேளிக்கை மாதிரி சமூக நிகழ்ச்சிகள் எதுவும் நடத்தக் கூடாது. அது தன்பாலுறவுத் தடைச் சட்டத்தை மீறுவதில் போய் முடியும் என்று பயம். எங்கள் துறை பாஷையில் சொன்னால், அக்கவுண்ட் ஓப்பன் பண்ணிக் கொடுத்துவிட்டு பெர்மிஷன் எதுவும் தராமல் வைப்பது.

தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு இந்த மனப்பாங்கு புதிதல்ல. சிம்போசியம் என்று லெட்டர் எழுதிக்கொண்டு போனால் கையெழுத்து உடனே கிடைக்கும். கல்ச்சுரல்ஸ் என்றால் எச்.ஓ.டி. நிமிர்ந்து பார்ப்பார். பேசுவதைவிட ஆடுவதும் பாடுவதும் நிர்வாகங்களை அதிகம் கலவரப்படுத்துகின்றன.

டான்ஸ் அவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். அன்றைய நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் ஒருவரையொருவர் சந்திக்க இருந்த இடங்கள் பெரும்பாலும் மாஃபியா நடத்திய மதுக்கடைகள்தான். தண்ணீர் கலந்த சரக்கு, எப்போது வேண்டுமானாலும் போலீஸ் ரெய்டு. 1969 ஜூன் 28 அதிகாலை ஸ்டோன்வால் விடுதியில் நடந்த ரெய்டும் அதைத் தொடர்ந்த கலவரமும் உலகத்துக்கே தெரியும். அதற்குப் பிறகு உருவான இயக்கங்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, மதுக்கடைக்கு வெளியே சொந்தமாக டான்ஸ் நடத்தியது. நுழைவுக் கட்டணத்தில் இயக்கத்துக்குப் பணம். அதைவிட முக்கியம், ஒருவருக்கு இன்னொருவர் இருக்கிறார் என்று கண்ணால் பார்க்க முடிந்தது.

1970-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வைன்ஸ்டீன் ஹாஸ்டல் அடித்தளத்தில் இப்படி டான்ஸ்கள் நடந்தன. நிர்வாகம் பாதியில் ரத்து செய்தது. செப்டம்பரில் மாணவர்களும் வெளியிலிருந்து வந்தவர்களும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து போராட்டம் நடத்தினார்கள். சில நாட்களில் போலீஸ் வந்து வெளியேற்றியது. அந்தப் போராட்டத்தில் இருந்த சில்வியா ரிவேரா, மார்ஷா ஜான்சன் இருவரும் அதன் பிறகுதான் வீடில்லாத திருநங்கை இளையோருக்காக ஸ்டார் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

சரி, இப்போது 1973. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், டர்ஹம் என்ற சின்ன ஊர். நியூயார்க் மாதிரி மதுக்கடையோ தெருவோ கிடையாது, வளாகம்தான் எல்லாம். மாநிலப் பல்கலைக்கழகத்தில் கே ஸ்டூடண்ட்ஸ் ஆர்கனைசேஷன் என்ற அமைப்புக்கு அந்த மே மாதம் அங்கீகாரம் கிடைத்தது. நவம்பர் 9 அன்று ஒரு டான்ஸ் நடத்தினார்கள். எந்தத் தகராறும் இல்லாமல் முடிந்தது. ஆனால் செய்தி பத்திரிகைகளுக்குப் போனது, கவர்னர் மெல்ட்ரிம் தாம்சன் கொதித்தார். இவர் அரசியலுக்கு வருவதற்கு முன் சட்டப் புத்தகங்கள் வெளியிட்டுக்கொண்டிருந்த பதிப்பாளர் என்பதைச் சொல்லியாகணும். அந்த மாநிலத்தின் கார் நம்பர் பிளேட்டில் "சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப்போ" என்ற அர்த்தத்தில் ஒரு வாசகம் இருக்கும் என்பதையும்.

மறுநாளே, நவம்பர் 10 அன்று, பல்கலைக்கழக அறங்காவலர் குழு ஒரு அறிக்கை விட்டது. சட்டப்படி தெளிவு கிடைக்கும்வரை இந்த அமைப்புக்கு சமூக நிகழ்ச்சி எதற்கும் அனுமதி இல்லை. நவம்பர் 21-ல் பல்கலைக்கழகமே மாநில நீதிமன்றத்துக்குப் போனது. டிசம்பர் 7-க்குத் திட்டமிட்டிருந்த அடுத்த டான்ஸுக்கு அனுமதி மறுக்கப்பட்டதும், 29-ல் மாணவர்கள் ஃபெடரல் நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

கூடவே இன்னொன்றும் செய்தார்கள். டான்ஸ் வேண்டாம், அதே டிசம்பர் 7 அன்று ஒரு நாடகம் போடுகிறோம், முடிந்ததும் கொஞ்ச நேரம் கூடிப் பேசுகிறோம் என்று கேட்டார்கள். நாடகம் ஓகே, கூடிப் பேசுவது கூடாது என்று பதில். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. மேடையில் நடிப்பது கலை. திரை விழுந்த பிறகு அதே ஆட்கள் ஒருவருக்கொருவர் ஹலோ சொன்னால் ஆபத்து!

நாடகம் நடந்தது. ஆனால் அன்று மாலை யாரோ இரண்டு தீவிரமான பத்திரிகைகளை அங்கே விநியோகித்தார்கள். தங்களுக்கு அவர்கள்மீது எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்றது மாணவர் அமைப்பு. கவர்னர் விடவில்லை. வளாகத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் வரி செலுத்துவோர் பணத்திலிருந்து இனி ஒரு சென்ட்கூடத் தர ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று அறங்காவலர்களுக்கு பகிரங்கக் கடிதம் எழுதினார். பல்கலைக்கழகத் தலைவர் தாமஸ் பானர் உடனே விசாரணைக்கு உத்தரவிட்டார், தடையை இன்னும் கறாராக அமல்படுத்தச் சொன்னார். பானர் மருத்துவ வரலாற்றில் நல்ல புத்தகங்கள் எழுதியவர். ஆனால் சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு இன்று அவர் பெயர் தெரிவது இந்த வழக்கால்தான்: கே ஸ்டூடண்ட்ஸ் ஆர்கனைசேஷன் எதிர் பானர்.

1974 ஜனவரியில் நீதிபதி ஹியூ பௌன்ஸ் மாணவர்களுக்கு சாதகமாகத் தீர்ப்பளித்தார். பல்கலைக்கழகம் மேல்முறையீடு செய்தது. டிசம்பர் 30 அன்று முதல் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஃபிராங்க் காஃபின் எழுதிய தீர்ப்பு அதை உறுதி செய்ததோடு ஒரு படி மேலேயும் போனது.

பல்கலைக்கழகத்தின் வாதம் பார்க்க நியாயமாகத்தான் தெரியும். கருத்து சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, கூட்டம் போடுங்கள், நோட்டீஸ் அடியுங்கள். டான்ஸில் என்ன கருத்து இருக்கிறது? காஃபினின் பதிலை என் வார்த்தைகளில் சொல்கிறேன். இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், ஒடுக்கப்படுவதாக உணர்கிறார்கள், தனிமையிலிருந்து வெளியே வர விரும்புகிறார்கள் என்பதுதான் இந்த அமைப்பு சொல்ல வந்த செய்தி. அதை அந்த நிகழ்ச்சியே சொல்லிவிடுகிறது. நேரம், இடம், நடத்தும் விதம் பற்றி எல்லோருக்கும் பொதுவாக விதி போடலாம்; இவர்களுக்கு மட்டும் கதவை மூட முடியாது. சட்டவிரோதச் செயல் நடந்துவிடும் என்ற பயமும் செல்லாது, ஏனென்றால் டான்ஸில் அப்படி ஏதாவது நடந்ததாகப் பல்கலைக்கழகமே சொல்லவில்லை.

என் வாசிப்பில் வழக்கின் சூட்சுமம் கவர்னரின் கோபத்தில் இருக்கிறது. அந்த டான்ஸ் ஒன்றுமே சொல்லவில்லை என்றால் அவர் எதற்கு இவ்வளவு கொதிக்க வேண்டும்? அவர் காதில் செய்தி தெளிவாக விழுந்திருக்கிறது.

மற்ற இடங்களில் சண்டை தொடர்ந்தது. மிசௌரி பல்கலைக்கழக வழக்கு 1978-ல் உச்ச நீதிமன்றத்தின் வாசல்வரை போனது. நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க மறுத்ததால் மாணவர்கள் ஜெயித்தது நிலைத்தது. ஆனால் நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதிய மாற்றுக்கருத்தில், பல்கலைக்கழகத்தின் பார்வையில் இது தட்டம்மை வந்தவர்கள் தனிமைப்படுத்தும் விதியை மீறி மற்றவர்களோடு கூடிப்பழக உரிமை கேட்பது போன்றது என்று ஒரு உவமை வரும்.

பானர் தீர்ப்பு பள்ளிக்கூடம்வரைக்கும் வந்தது. 1980-ல் ரோட் ஐலண்டின் கம்பர்லண்ட் ஊரைச் சேர்ந்த ஆரன் ஃபிரிக் என்ற மாணவர், பள்ளி இறுதியாண்டு டான்ஸுக்கு ஆண் நண்பரை அழைத்துப்போக அனுமதி கேட்டார். மற்ற பையன்கள் அடித்துவிடுவார்கள் என்று தலைமை ஆசிரியர் மறுத்தார். நீதிபதி பெட்டின் பானர் தீர்ப்பை மேற்கோள் காட்டி, அடிக்க வருபவர்களைத் தடுப்பதுதான் உங்கள் வேலை, ஆட வருபவரைத் தடுப்பதல்ல என்ற பொருள்பட உத்தரவிட்டார். மே 30 இரவு, பாதுகாப்பு ஏற்பாட்டோடு, ஃபிரிக் போனார், ஆடினார். அடுத்த வருடம் அனுபவத்தைப் புத்தகமாக எழுதியபோது, அன்று ஆடிய பாட்டின் பெயரையே தலைப்பில் வைத்தார். ராக் லாப்ஸ்டர்.